ஆயா கடை: தங்கவயலில் ஒரு குடும்பக் கடையைத் தேடி



பண்டிதர் அயோத்திதாசரின் நினைவாக நடக்கும் இந்தச் சொற்பொழிவில் பௌத்தம், மொழி, சாதி ஒழிப்பு என்று பெரிய பொருள்களைப் பேசுவதுதான் வழக்கம். நாங்கள் ஒரு சின்னக் கடையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். எட்டடி நீளம், ஆறடி அகலம் இருக்கும் என்று வீட்டில் சொல்வார்கள். கோலார் தங்கவயலில், மாரிக்குப்பத்துச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பின் ஓரத்தில் இருந்த கடை. உப்பு, புளி, மிளகாய், கருவாடு, வெற்றிலை பாக்கு, மண்ணெண்ணெய் விற்ற கடை. ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகளான நாங்கள் மூன்று பேர் அதைத் தேடிப் பல ஆண்டுகள் அலைந்தோம். என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை, எங்கே தவறாகத் தேடினோம் என்பதைச் சொல்லத்தான் இந்த மேடையை ஏற்றுக்கொண்டோம்.

இதற்கும் பண்டிதருக்கும் தொடர்பு இருக்கிறது. 1907 ஜூன் 19 அன்று சென்னை ராயப்பேட்டையிலிருந்து அவர் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். அந்த இதழை வாங்கிப் படித்துக் கைகொடுத்துத் தாங்கியவர்களில் தங்கவயல் தொழிலாளர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் சாக்கைய பௌத்த சங்கத்தின் கிளைகள் இருந்தன. 1914-இல் பண்டிதர் மறைந்த பின், 1926-இல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு ‘தமிழன்’ மீண்டும் வந்தது தங்கவயலிலிருந்துதான். இவையெல்லாம் நமக்குத் தெரியும். ஆனால் அந்த இதழை வாங்கிய கைகள் எவை? சுரங்கத்தில் பாறை உடைத்தவர்கள், அவர்களுக்கு அரிசி, பருப்பு விற்றவர்கள், மாலையில் விளக்கடியில் உட்கார்ந்து படிக்கச் சொல்லிக் கேட்டவர்கள். இயக்கத்தின் வரலாற்றில் தலைவர்கள் பெயரோடு இருக்கிறார்கள். இந்த மக்கள் ‘தொழிலாளர்கள்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிவிடுகிறார்கள்.

வீட்டுக் கதை

எங்கள் குடும்பம் வடஆற்காட்டுக் கிராமம் ஒன்றிலிருந்து தங்கவயலுக்குப் போனது. 1880-க்குப் பிறகு ஆங்கிலேயக் கம்பெனிகள் அங்கே ஆழமாகத் தோண்டத் தொடங்கியபோது, வடஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் நம் மக்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். கிராமத்துப் பண்ணையிலிருந்து தப்ப ஒரு வழி கிடைத்தது என்றுதான் போனார்கள். பூமிக்கு அடியில் வேலை, பாறை வெடித்துச் சாவு, நுரையீரலில் தூசி. இருந்தாலும் கூலி ரொக்கமாகக் கைக்கு வந்தது. 1894-இல் மாரிக்குப்பம் வரை ரயில் வந்தது. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. அது சுரங்க எந்திரங்களுக்காக வந்தது. எங்கள் கடையில் கடைசி நாள்வரை எரிந்தது மண்ணெண்ணெய் விளக்கு.

வீட்டில் கடையைப் பற்றி ஒரே ஒரு கதைதான் இருந்தது. “உங்க கொள்ளுத்தாத்தா தங்கவயல்ல கடை வெச்சிருந்தாரு. குடிச்சே அழிச்சிட்டாரு.” நல்லது கெட்டதுக்கு உறவினர்கள் கூடும்போதெல்லாம் யாராவது இதைச் சொல்வார்கள். யாராவது ஒரு பையன் கொஞ்சம் வழிதவறினால், “அந்த ரத்தம்” என்பார்கள். அந்தக் கதையோடுதான் நாங்கள் வளர்ந்தோம். கடை எங்கே இருந்தது, எப்போது இருந்தது என்று யாருக்கும் தெரியாது. அது எப்படி அழிந்தது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பத்திரம் இல்லாத இடம்

எல்லோரையும் போல நாங்களும் முதலில் பத்திரத்தைத் தேடினோம். வில்லங்கச் சான்று கேட்டால், சர்வே எண் என்ன, நான்கு எல்லை என்ன என்று கேட்டார்கள். எங்களிடம் இருந்தது கொள்ளுத்தாத்தாவின் பெயர் மட்டும். அந்தப் பெயரும் வடஆற்காட்டில் தெருவுக்கு நான்கு பேர் வைத்திருக்கும் பெயர். தகப்பன் பெயரும் அப்படியே. பட்டப்பெயர் இல்லை, குடும்பப் பெயர் இல்லை. ஆவணத்தில் ஒரே ஆளைப் பின்தொடர்வதற்கு வேண்டிய எதுவும் நம் பெயர்களில் இல்லை என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

பிறகு புரிந்தது, பத்திரமே இருக்க முடியாது என்று. தொழிலாளர் வீடுகள் சுரங்கத்துக்குச் சொந்தம். கடை இருந்த ஓரமும் குத்தகை நிலத்துக்குள் அடங்கியது. நின்று விற்றவருக்கு அந்த மண்ணில் பிடி கிடையாது. பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடும் தோழர்கள் இங்கே இருக்கிறீர்கள். செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் 1891-இல் கொடுத்த அறிக்கையும், அதைத் தொடர்ந்து 1892-இல் சென்னை அரசு போட்ட ஆணையும் உங்கள் கையில் இருக்கின்றன. ‘அ’ பதிவேட்டைப் புரட்டினால் ஒரு வரி கிடைக்கும் என்ற நம்பிக்கை இருக்கிறது. அந்த நாளில் தங்கவயல் மைசூர் சமஸ்தானம். எங்கள் ஆட்களுக்கு அங்கே நிலம் எழுதித் தந்த ஆணை எதையும் நாங்கள் எடுத்துக்காட்ட முடியவில்லை. நிலத்தை வைத்துக் கடையைத் தேடும் வழி அத்தோடு அடைந்தது.

பள்ளிப் பதிவேடு

அடுத்த வழி ஒரு பள்ளியில் திறந்தது. எங்கள் தாத்தாவும் அவருடைய அண்ணனும் படித்த பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேட்டைப் பார்க்க அனுமதி கிடைத்தது. பெரிய தாத்தா 1917-இல் சேர்ந்திருக்கிறார். ‘தகப்பன் தொழில்’ என்ற கட்டத்தில் ‘கூலி’. எங்கள் தாத்தா 1923-இல் சேர்ந்திருக்கிறார். அதே தகப்பன், அதே கட்டம். இந்த முறை ‘கடை’.

அந்த ஒரு சொல்லைப் பார்த்ததும் நாங்கள் மூவரும் பேச்சில்லாமல் நின்றோம். கடை என்பது கட்டுக்கதை இல்லை. 1917-க்கும் 1923-க்கும் இடையில் எப்போதோ அது தொடங்கியிருக்கிறது. ‘கூலி’ என்று எழுதப்பட்ட ஒரு குடும்பம் ஆறு ஆண்டுக்குள் ‘கடை’ என்று எழுதப்பட்டிருக்கிறது.

அந்த மகிழ்ச்சியில் ஒரு தவறு செய்தோம். பதிவேடு தகப்பன் தொழிலைத்தான் கேட்கிறது. தாய் தொழிலுக்கு அதில் கட்டமே இல்லை. ‘தகப்பன் தொழில்: கடை’ என்பதைக் கொள்ளுத்தாத்தாவின் கடை என்றே எடுத்துக்கொண்டோம். அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் மாரிக்குப்பத்திலும் ஆண்டர்சன்பேட்டையிலும் முதியவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவர் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கேட்டோம். “அப்படி யாரும் கட வெச்சில்லையே” என்பதே எங்கும் பதில்.

வீட்டில் இருந்த சான்றையே நாங்கள் பார்க்காமல் விட்டிருந்தோம். அத்தையின் தகரப் பெட்டியில் எண் பொறித்த பித்தளை வில்லை ஒன்று கிடந்தது. கொள்ளுத்தாத்தாவின் சுரங்க வில்லை. அவர் சாகும்வரை சுரங்கத்தில்தான் வேலை செய்தார் என்று அத்தை எப்போதும் சொல்வார். ஒரு மாதம் பகல் ஷிப்ட், ஒரு மாதம் இரவு ஷிப்ட் என்று பூமிக்கு அடியில் போனவர், விடிகாலையிலிருந்து விளக்கு அணையும்வரை கடையில் எப்படி உட்கார்ந்திருக்க முடியும்? இந்தக் கேள்வி எங்களுக்கு ஏன் தோன்றவில்லை?

உப்பு புளி எங்கே வாங்கினீர்கள்?

தொண்ணூறு வயதைக் கடந்த ஒரு மூதாட்டியைப் பார்த்த நாள் அது. குடியாத்தம் பக்கத்துக் கிராமத்திலிருந்து கைக்குழந்தையாகத் தங்கவயலுக்கு வந்தவர். அவரிடமும் கொள்ளுத்தாத்தாவின் பெயரைச் சொன்னோம். தெரியாது என்றார். எழுந்து கிளம்பும்போது எங்களில் ஒருத்தி சும்மா கேட்டாள்: “அப்போ சின்ன வயசுல உப்பு, புளி எல்லாம் எங்க வாங்குவீங்க ஆயா?”

“ஆயா கடைலதான்” என்றார் அவர். “லைன் கோடில இருந்துச்சு. கருவாடு நல்லா இருக்கும்.”

திரும்ப உட்கார்ந்தோம். அந்த ஆயாவுக்கு இடது கைச் சுண்டுவிரல் நீட்ட வராது, மடங்கியே இருக்கும் என்றார். அவருடைய பையன் ஒருவன் சாயங்காலத்தில் பேப்பர் படிப்பான், பெரியவர்கள் குந்திக்கொண்டு கேட்பார்கள் என்றார். அத்தைக்குப் போன் போட்டோம். “ஆமா, எங்க ஆயாவுக்கு விரல் அப்படித்தான் இருக்கும். சோறு பெசஞ்சு குடுக்கறப்போ பாத்திருக்கேன்” என்றார் அத்தை. பேப்பர் படித்த பையன் எங்கள் தாத்தா.

யாருடைய கடை என்று கேட்டபோது கிடைக்காத பதில், எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டபோது கிடைத்தது. கடை கொள்ளுத்தாத்தாவுடையது இல்லை. கொள்ளுப்பாட்டியுடையது.

அந்த மூதாட்டி இன்னொன்றும் சொன்னார். அவருடைய அம்மா சொல்லிச் சொல்லி அவருக்குப் பதிந்துபோன விஷயம். ஊரில் கடைக்குப் போனால் தள்ளி நிற்க வேண்டும். காசைக் கீழே வைக்க வேண்டும். கடைக்காரர் அதில் தண்ணீர் தெளித்து எடுப்பார். சாமானை முந்தானையில் மேலிருந்து போடுவார். “ஆயா கடைல காசக் கையில வாங்குவாங்க. சாமானக் கையில குடுப்பாங்க. எங்கம்மா அத ஒரு அதிசயமா சொல்லும்.”

நம் ஆட்கள் கிராமத்தில் தின்பண்டமோ மளிகையோ விற்கக் கடை போட முடியாது. நம் கை பட்ட பொருளை ஊர் வாங்காது. சேரிக்குள்ளே போட்டால் வாங்கச் சேரியிடம் காசு இருக்காது, கூலி தானியமாக வரும். தங்கவயலில் இந்த இரண்டும் மாறின. ஆயிரக்கணக்கில் நம் மக்கள் ஒரே இடத்தில் இருந்தார்கள், அவர்கள் கையில் ரொக்கம் இருந்தது. அந்த இடைவெளியில்தான் எங்கள் கொள்ளுப்பாட்டியின் கடை முளைத்தது. பெரிய மண்டி வேறு சாதியார் கையில்தான் இருந்தது, அவரும் அங்கேதான் கொள்முதல் செய்தார். சுதந்திர வணிகம் என்று அதைப் பெருமையாக வருணிக்க மாட்டோம். ஆனால் காசு கையிலிருந்து கைக்குப் போன ஒரு இடத்தை ஒரு பெண் பத்து ஆண்டு நடத்தியிருக்கிறார்.

கணக்கு நோட்டு

அத்தையின் பெட்டியில் ஒரு கணக்கு நோட்டும் இருந்தது. ஒரு பக்கம் செல்லரித்தது. தாத்தாவின் பள்ளி நோட்டு என்று நினைத்து யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. எழுத்து தாத்தாவின் எழுத்துத்தான். 1926-இல் தொடங்குகிறது, அப்போது அவருக்கு ஒன்பது வயது இருக்கும். முதல் பக்கங்களில் எழுத்து ஒவ்வொன்றும் புளியங்கொட்டை அளவு. போகப்போகச் சிறிதாகி வரிசைக்கு வருகிறது.

ஆனால் அவர் எழுதியது பெயரை மட்டும்தான். பெயருக்கு எதிரே எழுத்து இல்லை. நெட்டுக்கோடுகள், புள்ளிகள், சில இடங்களில் சின்ன வட்டம். முதலில் எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இரண்டு மூன்று பக்கங்களில் பையன் கோடுகளுக்குப் பக்கத்தில் தொகையையும் எழுதிப் பார்த்திருக்கிறான், பள்ளிக்கூடக் கணக்குப் போல. அதை வைத்துப் பிடித்தோம். கோடு ஓர் அணா, புள்ளி காலணா, வட்டம் ஒரு ரூபாய். கடன் தீர்ந்தால் வரியின் மேல் ஒரு குறுக்குக் கோடு. எழுதத் தெரியாத அந்த அம்மா தனக்கென்று ஒரு கணக்கு முறையை வைத்துக்கொண்டு, மகனைப் பெயர் எழுத மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறார். எழுத்தறிவில்லாதவர் என்று எந்தக் குடிக்கணக்கும் அவரைப் பதிந்திருக்கும். எங்கள் கையில் இருப்பது அவர் எழுதிய நோட்டு.

செலவுப் பக்கத்தில் வாரந்தோறும் ஒரு வரி வருகிறது: ‘தமிழன்’. கடைக்கு வாங்கிய இதழ் அது. மூதாட்டி சொன்ன ‘பேப்பர்’ இதுதான். பண்டிதர் தொடங்கிய பெயர், அவர் மறைந்து பன்னிரண்டு ஆண்டுக்குப் பின், எங்கள் கொள்ளுப்பாட்டியின் செலவுக் கணக்கில் இருக்கிறது. பழைய தமிழன் இதழ்களை அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் வீட்டில் வைத்துக் காக்காவிட்டால், 1999-இல் ஞான. அலாய்சியஸ் அவற்றைத் தொகுத்து அயோத்திதாசர் சிந்தனைகளாகக் கொண்டுவராவிட்டால், அந்த ஒரு வரி எங்களுக்கு வெறும் சொல்லாகவே நின்றிருக்கும். ஆவணக் காப்பகம் காக்காததை நம் வீடுகள் காத்திருக்கின்றன.

1930

இனி அந்தக் குடிக் கதைக்கு வருகிறோம்.

1930-இல் தங்கவயலில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. தொழிலாளர் ஒவ்வொருவரும் விரல்ரேகை பதிந்து பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற புதிய விதியை எதிர்த்து நம் மக்கள் வேலையை நிறுத்தினார்கள். ரேகை வைப்பது குற்றவாளிக்கு உரியது, நாங்கள் குற்றவாளிகள் இல்லை என்பதுதான் அந்த எதிர்ப்பின் உயிர். தொழிலாளர் வரலாறு படிப்பவர்களுக்கு இது தெரிந்த நிகழ்ச்சி.

அந்த நாட்களின் பக்கங்கள் நோட்டில் இருக்கின்றன. பெயர்கள் திடீரென்று கூடுகின்றன. அதுவரை இல்லாத பெயர்கள். எதிரே கோடுகள் வளர்கின்றன. குறுக்குக் கோடு விழவில்லை. வேலைநிறுத்தம் முடிந்த பிறகும் பல வரிகளில் விழவில்லை. சில பெயர்களுக்குப் பக்கத்தில் தாத்தாவின் எழுத்து: ‘ஊருக்குப் போயாச்சு’. அடுத்த சில மாதங்களில் கொள்முதல் குறைகிறது. ஓரிடத்தில் ‘கம்மல் அடகு’ என்று இருக்கிறது. பிறகு ‘படி விற்றது’. அளக்கும் படியையே விற்ற பின் கடை எப்படி நடக்கும்? 1931-இல் ஒரு பக்கத்தின் பாதியோடு நோட்டு நின்றுவிடுகிறது.

கொள்ளுத்தாத்தா குடிக்கவே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. ‘அப்பாவுக்குச் சாராயம்’ என்ற வரியும் அதே நோட்டில் இருக்கிறது, அதையும் மகன்தான் எழுதியிருக்கிறான். மறைக்க நாங்கள் யார்? ஆனால் அந்த வரிகளின் கோடுகளை எல்லாம் கூட்டிப் பார்த்தோம். வேலைநிறுத்த நாட்களின் தீராத கடனில் ஒரு பக்கத்துக்குக்கூட அது வராது. கடை அழிந்தது அடுப்பு எரியாத வீடுகளுக்கு அரிசி அளந்ததால். வேலைநிறுத்தம் நடக்க வேண்டுமானால் யாரோ ஒருவர் கடன் கொடுக்க வேண்டும். அந்த யாரோ ஒருவரின் பெயர் எந்தப் போராட்ட வரலாற்றிலும் வராது.

பிறகு எப்படி அந்தக் கதை வந்தது? நம் மக்கள் குடிகாரர்கள், காசு நிற்காது என்று ஊரும் மேலதிகாரியும் நூறு ஆண்டாகச் சொன்னதை நாம் வீட்டுக்குள் கொண்டுவந்து, நம் தாத்தா மேலேயே ஏற்றிக்கொண்டோம். அந்தக் கதையில் கொள்ளுத்தாத்தாவுக்குக் கெட்ட பெயராவது கிடைத்தது. கொள்ளுப்பாட்டிக்கு அதுவும் இல்லை. கடையை நடத்தியவர், கணக்கு வைத்தவர், கடன் கொடுக்கலாம் என்று முடிவு செய்தவர், கம்மலைக் கழற்றியவர், அவர் கதையிலேயே இல்லை. சாதி நம்மை ஆவணத்திலிருந்து நீக்கியது என்று நாம் பேசுகிறோம். அவரை நீக்கியது நாங்கள்தான்.

தேடப்போகும் மாணவர்களுக்கு

உங்களில் பலர் சொந்த ஊர் வரலாற்றை எழுத நினைக்கிறீர்கள். எங்கள் தவறுகளிலிருந்து சிலவற்றைச் சொல்கிறோம்.

பத்திரத்திலிருந்து தொடங்காதீர்கள், அது நிலம் உடையவர்களுக்காக உண்டானது. பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, கல்லறைப் புத்தகம், சங்கக் கூட்ட நோட்டு, விகாரைக்கோ கோயிலுக்கோ கொடுத்த நன்கொடைப் பட்டியல், அடகுச் சீட்டு, இவற்றில் நம் ஆட்கள் கிடைப்பார்கள். ஒவ்வொரு ஆவணத்திலும் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதற்கு முன், எதற்குக் கட்டம் இல்லை என்று பாருங்கள். முதியவர்களிடம் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். என்ன வாங்கினீர்கள், எங்கே தண்ணீர் எடுத்தீர்கள், யார் பிரசவம் பார்த்தார்கள் என்று கேளுங்கள். வீட்டுப் பெண்கள் வைத்திருக்கும் பெட்டியை முதலில் திறக்கச் சொல்லுங்கள். கிடைத்த நோட்டைப் படம் எடுத்துப் பாதுகாத்துவிட்டுப் பிறகு படியுங்கள். அதில் இருக்கும் கடன்காரர்களின் பெயர்களை வெளியிடாதீர்கள், அவர்களுக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். உங்கள் குடும்பத்துக்குப் பெருமை தராத வரி வந்தால் அதையும் எழுதுங்கள்.

கடை இருந்த இடத்தை அந்த மூதாட்டி காட்டினார். பத்தடி முன்னே பின்னே இருக்கலாம் என்றும் சொன்னார். இப்போது அங்கே ஒரு சுற்றுச்சுவர், அதன் ஓரம் யாரோ நிறுத்திவைத்த மோட்டார் சைக்கிள். தூரத்தில் சயனைடு மண்மேடுகள். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்ட பிறகு, அங்கே இருக்கும் நம் மக்கள் விடிகாலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். அவர்களில் பலருக்கும் குடியிருக்கும் வீட்டின் பட்டா ஒரு கவலைதான். எங்கள் கொள்ளுப்பாட்டிக்கு இல்லாத அதே காகிதம்.

ஒரு வேலை இன்னும் மீதி இருக்கிறது. கொள்ளுப்பாட்டியின் பெயர் எங்களுக்குத் தெரியாது. பதிவேட்டில் இல்லை, நோட்டில் இல்லை. மகன் ‘அம்மா’ என்று எழுதியிருக்கிறார். லைனில் எல்லோரும் ‘ஆயா’ என்றார்கள். அத்தைக்கும் ஆயாதான். வடஆற்காட்டில் அவர் பிறந்த ஊர் எது என்று ஒரு குறிப்பு கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் அங்கே போகிறோம். இந்த உரை அச்சாகி யார் கைக்குப் போகும் என்று தெரியாது. இடது கைச் சுண்டுவிரல் மடங்கிய ஒரு பெண் தங்கவயலில் கடை வைத்திருந்ததாக உங்கள் வீட்டில் யாராவது சொல்லக் கேட்டிருந்தால், இந்த அமைப்பின் தோழர்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.